மூன்று சோதனைக்கு மூன்று மாதமா?

மார்பில் வரும் புற்றுநோய் பணக்கார வீட்டுப் பெண்களின் வியாதி என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேற்றில் குனிந்து நடவு நடுகிறவளுக்கும், மில்லில் நாள் முழுதும் நிற்கிறவளுக்கும் அது வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்த நம்பிக்கை பொய்யானது. இது பல உயிர்களைக் குடித்த பொய்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2022-ம் வருஷத்துக்குப் போட்ட உத்தேசக் கணக்கைப் பாருங்கள். அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் 1,92,020 பெண்களுக்குப் புதிதாக மார்புப் புற்றுநோய் கண்டது. 98,337 பெண்கள் அதனால் இறந்தார்கள். நமது நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். ஒரு காலத்தில் சென்னையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதலில் நின்றது. அது குறைந்து, இது மேலே வந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தியாவில் 11 இடங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளில், 2012 முதல் 2015 வரை இந்நோய் கண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 66 பேர். ஆனால் இந்த 66 என்ற எண்ணுக்குள்ளே ஒரு பெரிய பேதம் ஒளிந்திருக்கிறது. நோய் மார்போடு நின்ற நிலையில் கண்டவர்களில் 100-க்கு 81 பேர் பிழைத்திருந்தார்கள். அக்குள் வரை பரவிய பிறகு கண்டவர்களில் 65 பேர். எலும்பு, ஈரல், நுரையீரல் என்று உடம்பெங்கும் பரவிய பிறகு வந்தவர்களில் 18 பேர்தான்.

வியாதி ஒன்றுதான். சிகிச்சை தெரிந்த டாக்டர்களும் ஒரே நாட்டு டாக்டர்கள்தான். 81-க்கும் 18-க்கும் நடுவே நிற்பது காலம். நோயை எந்த நாளில் கண்டுபிடித்தோம் என்பதுதான் உயிரையும் சாவையும் தீர்மானிக்கிறது.

அப்படியானால் சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்படி? எந்த முறை நல்லது? இந்தக் கேள்விக்கு உலகம் அறுபது வருஷங்களாகப் பதில் தேடி வந்திருக்கிறது. கிடைத்த பதிலை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அந்தப் பதிலை நமது ஊரில் நடைமுறைக்குக் கொண்டுவரும் போராட்டம் நம்முடையது.

ஒரு சாட்சி போதாது

கோர்ட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும்? சாட்சி கண் மங்கியவனாக இருக்கலாம். இருட்டில் பார்த்தவனாக இருக்கலாம். மூன்று சாட்சிகள் தனித்தனியே வந்து ஒரே விஷயத்தைச் சொன்னால் தீர்ப்பில் சந்தேகம் இருக்காது. மூவரில் ஒருவன் மாறுபட்டால் விசாரணையை முடிக்கக்கூடாது. இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

மார்பில் ஒரு கட்டி தென்பட்டால் வைத்திய சாஸ்திரம் கேட்பதும் இதே மூன்று சாட்சிகளைத்தான்.

முதல் சாட்சி கை. டாக்டரோ பயிற்சி பெற்ற நர்சோ மார்பையும் அக்குளையும் கண்ணால் பார்த்து, விரல்களால் அழுத்தித் தடவிப் பார்ப்பது. கட்டி உருளுகிறதா, சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, தோல் ஆரஞ்சுப் பழத் தோலைப்போல் குழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது சாட்சி படம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேமோகிராம், அதாவது மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்திவைத்து எடுக்கும் எக்ஸ்ரே. கைக்கு அகப்படாத சிறு கட்டியையும், சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் தெரியும் அடையாளங்களையும் அது காட்டும். மற்றொன்று ஸ்கேன், கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். கட்டிக்குள் இருப்பது நீரா, சதையா என்பதை அது சொல்லிவிடும்.

மூன்றாவது சாட்சி ஊசி. கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி அணுக்களை உறிஞ்சி எடுத்தோ, சற்றுத் தடித்த ஊசியால் சிறு சதைத் துணுக்கை எடுத்தோ, பூதக்கண்ணாடியில் பார்ப்பது. கடைசித் தீர்ப்பு இங்கேதான் எழுதப்படுகிறது. எந்த மருந்துக்கு நோய் கட்டுப்படும் என்பதையும் அந்தச் சதைத் துணுக்கை வைத்தே சொல்ல முடியும்.

மூன்று சாட்சிகளுக்கும் தனித்தனிக் குறை உண்டு. கை சிறு கட்டியைத் தவறவிடும். வயது குறைந்த பெண்களின் மார்பில் சதை இறுக்கமாக இருப்பதால் எக்ஸ்ரே படம் முழுதும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்தில் வெள்ளைக் கொக்கைத் தேடுவது போல ஆகிவிடும். ஸ்கேனுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சுண்ணாம்புப் பொடி அடையாளங்களை அது சரியாகக் காட்டாது. ஊசி சரியான இடத்தில் படாமல் ஒதுங்கிப் போகலாம்.

ஆனால் மூன்றையும் சேர்த்தால்? கை, படம், ஊசி மூன்றும் "புற்று அல்ல" என்று ஒரே குரலில் சொன்னால், அந்தத் தீர்ப்பு தவறுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இதற்குத்தான் முச்சோதனை என்று பெயர். கையில் கட்டி நன்றாகத் தட்டுப்படுகிறது, மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்றால், "படத்தில் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ" என்று யாரும் சொல்லக்கூடாது. ஒரு சாட்சி சொல்வதற்காக மற்றொரு சாட்சியின் வாயை மூடும் செயல் அது.

உலகம் கண்ட பாடம்

1963 டிசம்பரில் நியூயார்க் நகரில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு வைத்திய இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தின் உறுப்பினர்களான 40 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 62,000 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரை வருஷம் ஒரு முறை கையாலும் எக்ஸ்ரேயாலும் சேர்த்துச் சோதித்தார்கள். பத்து வருஷம் கழித்து, சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் வந்த சாவு சுமார் 30 சதவிகிதம் குறைந்திருந்தது.

அதைவிட முக்கியமான ஒரு விவரமும் அதில் உண்டு. சோதனையில் அகப்பட்ட புற்றுக் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்கை எக்ஸ்ரே மட்டும் கண்டது, கை தவறவிட்டது. பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றைக் கை மட்டும் கண்டது, எக்ஸ்ரே தவறவிட்டது. இரண்டும் சேர்ந்து கண்டது ஐந்தில் ஒரு பங்கு சுமார். அந்தக் காலத்து எக்ஸ்ரே இன்றைய எக்ஸ்ரே அல்ல என்பது உண்மை. ஆயினும் பாடம் மாறவில்லை. ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் எத்தனை பெண்கள் "நலமாக இருக்கிறாய்" என்ற பொய்ச் சொல்லைக் கேட்டு வீடு திரும்பியிருப்பார்கள்!

ஜப்பானில் 2007 முதல் 2011 வரை 40 முதல் 49 வயதுள்ள 72,998 பெண்களைச் சேர்த்து இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. ஒரு பிரிவுக்கு மேமோகிராம் மட்டும்; மற்றொரு பிரிவுக்கு மேமோகிராமோடு ஸ்கேனும். முடிவு 2016-ல் வெளிவந்தது. மேமோகிராம் மட்டும் எடுத்த பிரிவில் 100 புற்றுக்கு 77 அகப்பட்டன. இரண்டும் சேர்ந்த பிரிவில் 91. இது கண்டுபிடித்த கணக்கு. சாவு எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு அல்ல. இதற்கு ஒரு விலையும் உண்டு. நோயில்லாத பெண்களையும் சந்தேகப்பட்டு மறுபடி கூப்பிட்டது இரண்டாம் பிரிவில்தான் அதிகம். சாட்சிகள் கூடினால் விசாரணையும் கூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த விஷயத்துக்கு வருகிறோம்.

ஷாங்காய் மில் பெண்களின் கதை

மில் தொழிலாளர்கள் கட்டாயம் அறியவேண்டிய சரித்திரம் ஒன்று இருக்கிறது.

சீனாவின் ஷாங்காய் நகரில் 519 நெசவுத் தொழிற்சாலைகளைச் சேர்ந்த 2,66,064 பெண்களை வைத்து 1989-ல் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாதிப் பேருக்குத் தங்கள் மார்பைத் தாங்களே சோதித்துக்கொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்ததோடு விடவில்லை, திரும்பத் திரும்ப நினைவூட்டினார்கள், ஐந்து வருஷம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்காணிப்பில் செய்யவைத்தார்கள். இதைவிட ஒழுங்காக எந்த நாடும் செய்ததில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். கற்ற பிரிவில் இந்நோயால் இறந்தவர்கள் 135 பேர். கல்லாத பிரிவில் 131 பேர். சாவு குறையவில்லை. புற்று அல்லாத கட்டிகள்தான் அதிகம் அகப்பட்டு, வீண் ஆபரேஷன்கள் கூடின. இந்த முடிவு 2002-ல் வெளிவந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பெண்கள் தங்கள் உடம்பை அறிந்திருக்க வேண்டாம் என்று அர்த்தமல்ல. மாறுதல் தெரிந்தவுடன் வரவேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து, "நீயே பார்த்துக்கொள்" என்று பொறுப்பைப் பெண்ணின் தலையில் சுமத்தினால் அதற்குப் பெயர் சுகாதாரத் திட்டம் அல்ல. விழிப்பு வாரம் கொண்டாடுவதும், மகளிர் தினத்தில் ரோஸ் நிற ரிப்பன் கட்டுவதும், சுவரில் போஸ்டர் ஒட்டுவதும் செலவில்லாத காரியங்கள். அவை மட்டும் உயிரைக் காக்கா என்பதை ஷாங்காய் மில் பெண்கள் இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு நெருங்கிய எண்ணிக்கையில் நின்று நமக்கு நிரூபித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பம்பாய் காட்டிய வழி

"அப்படியானால் ஊருக்கு ஊர் மேமோகிராம் இயந்திரம் வேண்டுமே, அதற்குப் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் நமது நாட்டிலேயே கிடைத்திருக்கிறது.

பம்பாயின் டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் 1998-ல் அந்நகரின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களைக் கொண்டு ஒரு நீண்ட ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மார்பைக் கையால் சோதித்தார்கள். சோதித்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்லர்; பள்ளிப் படிப்பு மட்டும் படித்து, சில வாரங்கள் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண்கள்! சந்தேகம் தென்பட்டவர்களை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, படமும் ஊசியும் செய்தார்கள்.

இருபது வருஷம் கவனித்த பிறகு 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். முற்றிய நிலையில் நோய் கண்டவர்கள், சோதிக்காத பிரிவில் 47 சதவிகிதம். சோதித்த பிரிவில் 37 சதவிகிதம். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் சாவு ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிப்பட்ட குறைவு தெரியவில்லை. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் குறைந்தது 15 சதவிகிதம். அது உறுதியாகச் சொல்லக்கூடிய அளவல்ல என்று அந்த டாக்டர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்.

நெல்லைத் தூற்றி, பிறகு புடைத்து, பிறகு சலித்து எடுப்பதுபோல இதைச் செய்யலாம். எல்லாப் பெண்களுக்கும் முதலில் கை. கையில் சந்தேகம் வந்தவர்களுக்குப் படம். படமும் கையும் காட்டும் இடத்தில் ஊசி. விலையுயர்ந்த இயந்திரத்தின் முன் எல்லோரையும் கொண்டுபோய் நிறுத்தவேண்டியதில்லை; தேவைப்பட்டவளுக்கு அது உடனே கிடைக்கவேண்டும். அவ்வளவுதான். சலிப்பது ஒழுங்காக நடக்க, கடைசிச் சல்லடையும் தயாராக இருக்கவேண்டும். கிராமத்தில் கையால் பார்த்துக் கட்டியைக் கண்டுபிடித்துவிட்டு, படத்துக்கும் ஊசிக்கும் மாதக்கணக்கில் அலையவிட்டால் பயம்தான் மிஞ்சும்.

நமது ஜில்லாவில் என்ன தேவை?

கடலூர் முதுநகரில் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் காண்டிராக்டில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள், சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் வயல்களில் நடவும் களையும் அறுப்பும் செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கடலூரில் ஜில்லா தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த மருத்துவக் கல்லூரி, ஜில்லாவின் சர்க்கார் மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. ஆக, ஆஸ்பத்திரியே இல்லாத பாலைவனம் அல்ல நமது ஜில்லா.

சட்டமும் திட்டமும் கூட இல்லாமல் இல்லை. 30 முதல் 65 வயது வரையுள்ள ஒவ்வொரு பெண்ணின் மார்பையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்றவர் கையால் சோதிக்கவேண்டும் என்று மத்திய சர்க்கார் 2016-லேயே வழிமுறை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. 2023-ல் ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு ஜில்லாக்களில் புற்றுநோய்க்கென்றே ஊர் ஊராகச் சோதனை தொடங்கப்பட்டது. இவை நல்ல காரியங்கள். நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

ஆனால் தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் கண்ட நிலையைக் கேளுங்கள். 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒரு முறையேனும் மார்புச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 100-க்கு ஒருவர்கூட இல்லை; 0.9 சதவிகிதம். தமிழ்நாட்டில் 5.6 சதவிகிதம். மற்ற ராஜ்யங்களைவிட நாம் மேல் என்று பெருமை பேசலாம். சோதிக்கப்படாத 94 பேரிடம் போய் அந்தப் பெருமையைச் சொல்ல முடியுமா?

ஆறு நாள் கூலி

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்ணின் மார்பில் கட்டி. சோதனைகள் தனித்தனி நாளில் நடந்தால் அவள் எத்தனை முறை பஸ் ஏறவேண்டும்? டாக்டரைப் பார்க்க ஒரு நாள். படம் எடுக்கத் தேதி வாங்கி வந்து, படம் எடுக்க ஒரு நாள். படத்தைக் காட்ட ஒரு நாள். ஊசி போட ஒரு நாள். முடிவை வாங்க ஒரு நாள். முடிவை டாக்டரிடம் காட்ட ஒரு நாள். ஆறு நாள்! கூட ஒரு ஆள் வந்தால் பன்னிரண்டு நாள் கூலி போயிற்று. சிதம்பரத்தில் முடியாது, புதுச்சேரிக்குப் போ என்றால் இன்னும் 65 கிலோமீட்டர்.

நடவுக் காலத்தில் ஆறு நாள் வேலைக்கு வராதவளை மேஸ்திரி அடுத்த செட்டில் சேர்ப்பானா? காண்டிராக்ட் தொழிலாளி ஆறு முறை லீவு கேட்டால் வேலை நிற்குமா? எனவே அவள் இரண்டாவது முறையோடு நின்றுவிடுகிறாள். "வலிக்கவில்லையே, அறுப்பு முடியட்டும்" என்கிறாள். பெரும்பாலும் இந்தக் கட்டி ஆரம்பத்தில் வலிக்காது. அதுதான் அதன் சூது. அறுப்பு முடிந்து அவள் வரும்போது, 81 பேர் இருந்த வரிசையிலிருந்து 18 பேர் இருக்கும் வரிசைக்கு அவளைத் தள்ளிவிட்டிருக்கும்.

பிறகு ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்: "படிப்பறிவில்லாத ஜனங்கள், முற்றிய பிறகுதான் வருகிறார்கள்." அறியாமை ஒரு காரணம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆறு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்காமல் அறியாமையை மட்டும் குறை சொல்வது நியாயமாகுமா?

மூன்று சோதனைகளைச் சேர்க்கவேண்டும் என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. ஆனால் சேர்க்கும் வேலையை யார் செய்கிறார்கள்? ஒரு அறையில் கை, ஒரு கட்டிடத்தில் படம், ஒரு ஊரில் ஊசி என்று பிரித்து வைத்துவிட்டு, மூன்றையும் தன் காலால் நடந்து, தன் கூலியால் கட்டிச் சேர்க்கும் பொறுப்பை நோயாளிப் பெண்ணிடம் விட்டுவிட்டார்கள். சந்தேகத்தின் பேரில் அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது என்பதையும் நினையுங்கள். ஜப்பான் ஆராய்ச்சி அதைத்தான் காட்டியது. அவர்களை மாதக்கணக்கில் பயத்தில் வைப்பதும் கொடுமையே. ஒரே நாளில் சோதித்தால் அன்று மாலையே நிம்மதியோடு வீடு திரும்பக்கூடியவர்கள் அவர்கள்.

நமது கோரிக்கைகள்

உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் மூன்று இலக்குகளை வைத்தது: 100 பேரில் 60 பேருக்காவது நோயை முதல் இரண்டு நிலைகளில் கண்டுபிடிக்கவேண்டும், முதல் முறை வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் சோதனைகளை முடித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும், 100 பேரில் 80 பேர் சிகிச்சையை முழுமையாக முடிக்கவேண்டும். இதை அளவுகோலாக வைத்தே நாம் கேட்கிறோம்.

1. கடலூர் தலைமை ஆஸ்பத்திரியிலும் சிதம்பரம் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளை மார்புச் சோதனை நாளாக அறிவிக்கவேண்டும். அன்று சர்ஜன், படம் எடுப்பவர், ஊசிச் சோதனை செய்பவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும். உறிஞ்சி எடுத்த அணுக்களை அன்றே பார்த்துவிடலாம். சதைத் துணுக்குக்குச் சில நாள் ஆகும்; அதன் முடிவுக்கு ஒரே ஒரு முறை வந்தால் போதும் என்று செய்யலாம்.

2. கிராமத்தில் சந்தேகம் தென்பட்டால், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று வாயால் சொல்லி அனுப்பக்கூடாது. எந்தத் தேதி, எந்த அறை, 60-வது நாள் எது என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுக்கவேண்டும். அந்த நாள் தாண்டினால் பதில் சொல்லவேண்டியது நிர்வாகம்.

3. சோதனைக்குப் போகும் நாளுக்குத் தொழிற்சாலைகள் சம்பளத்தோடு லீவு தரவேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் கூட வருபவருக்கும் அன்றைய கூலியையும் பஸ் கட்டணத்தையும் சர்க்கார் தரவேண்டும்.

4. கையால் சோதிக்கும் வேலையைச் செய்யப்போகிறவர்கள் கிராம சுகாதார நர்சுகளும் சுகாதாரத் தொண்டர்களும்தான். பம்பாய் அனுபவம் அவர்களால் முடியும் என்று காட்டிவிட்டது. அவர்களுக்கு முறையான பயிற்சியும், செய்யும் வேலைக்குத் தக்க சம்பளமும் வேண்டும். தொண்டு என்று பெயர் வைத்துக் குறைந்த காசுக்கு வேலை வாங்கக்கூடாது.

5. எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சோதனை எந்தக் கிழமையில் நடக்கும் என்று வாசலில் தமிழில் எழுதி மாட்டவேண்டும். பலகைக்கு லட்சக்கணக்கில் செலவாகாது.

இவற்றில் எதுவும் ஆகாயத்துக் கோரிக்கை அல்ல. தங்கை புற்றுநோயால் இறந்த துக்கத்தை மறக்காத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மாதர் சங்கத்தின் முயற்சியாக 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது அங்கே இருந்தது 12 படுக்கைகள். மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அங்கேயே உழைத்தார். அந்தக் காலத்தில் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. மன உறுதியுள்ள பெண்கள் 12 படுக்கையில் தொடங்கியதை, கட்டிடமும் டாக்டரும் உள்ள சர்க்கார், வாரத்துக்கு ஒரு நாள் செய்ய முடியாதா?

நாம் செய்யவேண்டியது

கோரிக்கை வைப்பதோடு நமது கடமை முடியவில்லை.

மில்லிலும் பாக்டரியிலும் உள்ள தோழர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. உரிமைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இது உண்டு. நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். புற்றுநோய் போன்ற நீண்ட வியாதிகளுக்கு 80 சதவிகிதமாக இரண்டு வருஷம் வரை நீட்டிக்க இடமுண்டு. சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்த நிபந்தனைகள் இருக்கின்றன. காண்டிராக்டர் சந்தாவைக் கட்டுகிறானா என்று இன்றே பாருங்கள். நோய் வந்த பிறகு பார்த்தால் பயனில்லை.

விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் கிளைக் கூட்டங்களில் இந்த விஷயத்தைக் கூச்சமில்லாமல் பேசவேண்டும். என்ன பேசுவது? மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தம், தோல் குழிதல், ஆறாத புண்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வலிக்கும் வரை காத்திருக்கக்கூடாது. பால் கொடுக்கும் பெண் "பால் கட்டிக்கொண்டது" என்று தானே முடிவு செய்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆகவே பயந்து ஒளியவேண்டியதில்லை. ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பேச்சை நம்பி நின்றவர்கள்தான் காலத்தை இழந்தார்கள். உடம்பின் சூட்டைப் படமெடுத்தே புற்றைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று வேனோடு வருபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அது மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்க நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே எச்சரித்திருக்கிறது.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பெண்கள் சமாசாரம் என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். இந்நோய் கண்டவர்களில் நூற்றில் ஒருவர் சுமார் ஆணும் உண்டு. அது கிடக்கட்டும். வீட்டில் பெண்கள் இதை மறைப்பதற்குப் பாதிக் காரணம், சொன்னால் செலவு என்று முகம் சுளிப்போமோ என்ற பயம். மறு வேலையை ஒத்திவைத்துவிட்டுக் கூட ஒரு நாள் பஸ் ஏறுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூலி உயர்வுக்காகச் சேர்ந்து நிற்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

எட்டு மணி நேர வேலையும் யாரும் தானமாகத் தந்ததல்ல. பக்கத்திலுள்ள புதுச்சேரியில் 1936 ஜூலை 30-ல் 12 மில் தொழிலாளர்கள் குண்டுக்கு இரையான பிறகே அந்த உரிமை அங்கே சட்டமாயிற்று. இன்று நாம் கேட்பது அதைவிட மிகச் சிறியது: கை, படம், ஊசி மூன்றும் ஒரே நாளில், ஒரே இடத்தில், கூலி போகாமல். முதுநகரிலும் சிதம்பரத்திலும் ஒவ்வொரு சங்கக் கிளையும் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, கையெழுத்து வாங்கி, ஜில்லா கலெக்டரிடம் கொடுக்கட்டும். அடுத்த நடவுக்கு முன் அந்தப் பலகை ஆஸ்பத்திரி வாசலில் தொங்கவேண்டும்.